நாற்பதைத் தாண்டாத பதிவேடு

முப்பத்து மூன்று என்று ஒலிபெருக்கி அழைத்தது. என் கையில் இருந்த டோக்கன் நாற்பத்தேழு. இடையில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று மேடையிலிருந்து அறிவித்திருந்தாலும், ஏறியவர் எவரும் மூன்று நிமிடத்தில் இறங்கவில்லை. ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்குள் நான் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். என் பதிவேட்டில் இருப்பவை பொய் என்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் சொல்வதா, அல்லது நான்கு பக்கங்களில் எழுதிக்கொண்டு வந்திருக்கும் உரையை வாசித்துவிட்டு இறங்கிவிடுவதா என்பதே அது. உரை நன்றாக வந்திருந்தது. மூன்று முறை படியெடுத்திருந்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. அனல் மின் நிலையத்தின் விளையாட்டுத் திடலில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். தகரம் பதினொரு மணிக்கே காய்ந்து, தலைக்கு மேல் ஓர் அடுப்பைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருந்தது. பழைய இரண்டு அலகுகளின் ஆயுளை இன்னும் பதினைந்து ஆண்டுகள் நீட்டவும், அவற்றின் பக்கத்தில் மூன்றாவது அலகு ஒன்றைக் கட்டவும் ஊரார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் கூட்டம். இடப்பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்கள், வலப்பக்கம் நாங்கள். நாங்கள் என்றால் சிப்பிக்கரை முதியோர் வெப்பக் கண்காணிப்புக் குழு. பதினொரு பேர். எல்லாரும் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். வெயில் முதலில் எங்களைத்தான் கொண்டுபோகிறது, ஆகவே வெயிலைப் பற்றிப் பேச முதல் உரிமை எங்களுக்கு என்பது எங்கள் வாதம். பந்தலின் ஓரத்தில் பெரிய அண்டாக்களில் மோர் வைத்து, கேட்டவர்க்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வலப்புறம் அமர்ந்திருந்த சேவியர், எழுபத்தாறு வயதிலும் கட்டுமரக்காரரின் தோள் குறையாதவர், தம் டம்ளரைக் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வேய் திரவியம், அந்த மோரத் தொடாதீரும். காலைல நம்ம எல்லாரும் நீர் மாத்திர போட்டுட்டு வந்திருக்கோம். மோரு ஒரு டம்ளர், மாத்திர ஒண்ணு, கக்கூஸ் அங்க அரை மைல்ல. டோக்கன் போயிரும். அருளப்பன் போனாம் பாரும், மூணு தடவ கூப்பிட்டானுவ, அவன் வேட்டியத் தூக்கிட்டு ஓடி வாரதுக்குள்ள அடுத்த நம்பருக்குப் போயிட்டானுவ" என்றார். நான் சிரித்தேன். சிரித்தபோது அடிவயிறு கனத்தது. நானும் ஒரு டம்ளர் குடித்திருந்தேன்.

முப்பத்து நான்கு பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது அலகு வந்தால் ஊருக்கு வங்கிக் கிளை வரும் என்றார். கைதட்டினார்கள். நான் கேட்கவில்லை, காலையில் நடந்ததையே என் மனம் மறுபடியும் மறுபடியும் தொட்டுப் பார்த்தது, பல் விழுந்த குழியை நாக்கு தொடுவதுபோல். பத்தரை மணிக்கு நிர்வாகத்தின் ஆலோசகர் மேடையேறினார். சென்னையிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், முழுக்கைச் சட்டை, பணிவான குரல். எங்கள் குழு மனுவோடு இணைத்துக் கொடுத்திருந்த பதினொரு பதிவேடுகளின் நகல்களையும் தாம் படித்ததாகச் சொன்னார். மூன்று ஆண்டுகள், நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு, அவரவர் வீட்டு வடக்குச் சுவரில் நிழலில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்து எழுதியவை. "பெரியவர்களின் உழைப்பை மதிக்கிறேன்" என்றார். பிறகு திரையில் சேவியரின் பதிவேட்டைக் காட்டினார். எண்கள் கோட்டுக்கு மேலும் கீழும் நின்றன. ஒரு பக்கத்தில் ஏதோ கறை, மீனோ எண்ணெயோ. நாற்பத்து மூன்று, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று துள்ளியிருந்தது. அதன்பின் எங்கள் குழுவை நடத்தும் ரோஸ்லின் டீச்சருடையதைக் காட்டினார். அதிலும் நாற்பத்து மூன்று இருந்தது. பிறகு ஒரு பக்கம் திரையில் வந்தது. கோடு போட்ட கட்டங்கள், ஒரே அளவான எழுத்து, ஒவ்வொரு எண்ணின் கீழும் சிறிய கையொப்பம். பந்தலில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஆட்சியரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அது என்னுடையது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆயினும் எழுதத்தான் வேண்டும். அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தொழிற்சங்கப் படிப்பகத்தில் செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்து, அச்சில் வந்ததைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்தைத் திருத்திக்கொண்டவன், என் எழுத்து எட்டடித் திரையில் நிற்பதைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது ஆலோசகர் சொன்னார்: "இது நம் நிலையத்தின் முன்னாள் பணியாளர் திரு. திரவியம் அவர்களுடையது. கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தோராண்டு பதிவெழுதிய அனுபவம் உள்ளவர். பதினொன்றில் நம்பத் தகுந்தது இது ஒன்றுதான். இதில் மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட வெப்பம் நாற்பதைத் தாண்டவில்லை. ஆகவே மற்றவர்களுடையவை பார்வைக் குறைபாட்டால் ஏற்பட்ட பிழைகள் என்று கொள்ளலாம்." சேவியர் என் தொடையில் தட்டி, "நீரு எழுதுனதுதாம்யா எழுத்து. நாங்க எழுதுனது கோழி கெளறுனது. நமக்குக் கண்ணு வேற அவுட்டு" என்றார். அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுத் தம் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, மீண்டும் மாட்டி, திரையில் தம் எண்கள் இருந்த இடத்தைத் தேடினார். அப்போது திரையில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து. முப்பத்தாறு வரவில்லை, மூன்று முறை அழைத்துவிட்டு முப்பத்தேழுக்குப் போனார்கள். என் ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் குறைந்தது. நாற்பது. என் பதிவேடு தாண்டாத அந்த எண் எங்கிருந்து என் கைக்கு வந்தது என்பதை நான் அறிவேன். நிலையத்தில் கொதிகலனின் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுத்து, வேலை முடிந்தபின் வெந்நீராகக் கடலுக்கே விடுவார்கள். வெளியேறும் அந்த நீரின் வெப்பத்தை மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. நாற்பதைத் தாண்டினால் சிவப்பு மையில் எழுத வேண்டும், பொறியாளரை அழைக்க வேண்டும், மின் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு பகல் வேளையில் மானியின் முள் நாற்பத்திரண்டு காட்டியது. நான் சிவப்பு மையில் நாற்பத்திரண்டு என்று எழுதினேன். பொறியாளர் ஓடிவந்தார். உற்பத்தியைக் குறைத்தார்கள். அந்த ஷிப்டில் வேலை செய்த ஏழு பேரிடமும் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். ஏன் முன்கூட்டியே கவனிக்கவில்லை என்று. பதினைந்து நாள் கேன்டீனில் என்னோடு ஒருவனும் உட்கார்ந்து உண்ணவில்லை. பதினாறாம் நாள் அய்யாத்துரை தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், நல்லவன், பின்னாளில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தவன். "எலே, முள்ளப் பாத்து எழுதாத. மேல உள்ள வரியப் பாத்து எழுது. கூடிச்சின்னா ஒண்ணு கூட்டு, கொறஞ்சிச்சின்னா ஒண்ணு கொற. நாப்பது வந்தா அங்கனயே நின்னுக்க. அது தானா எறங்கும்" என்றான். அப்படித்தான் எல்லாரும் எழுதினோம். திடீரென்று ஏறும் எண் கேள்வி கேட்கும். ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கும் எண்ணை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு முப்பத்தோராண்டுகள் என்னிடம் ஒரு விளக்கமும் கேட்கப்படவில்லை. பாதுகாப்பு நாளில் சிறந்த பதிவேட்டுக்கான கேடயம் இருமுறை வாங்கினேன். அது கூடத்து அலமாரியில் இருக்கிறது. ஓய்வு பெற்றேன். பத்தாண்டு கழித்து ரோஸ்லின் டீச்சர் ஒரு வெப்பமானியையும் நாற்பது பக்க நோட்டையும் கொண்டுவந்து கொடுத்து, இரண்டு மணிக்கு எழுதுங்கள் என்றார். நான் கட்டங்கள் போட்டேன். தேதி, நேரம், பாகை, கையொப்பம். முதல் நாள் முப்பத்தேழு. இரண்டாம் நாள் முப்பத்தெட்டு. மூன்றாம் நாள் வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் திரும்பி, நோட்டைத் திறந்து, மேல் வரியைப் பார்த்து எழுதினேன்.

என் கைதான் எழுதியது, நான் எழுதவில்லை என்று ஒரு வாதத்தை, மனுவோடு நகல்களைக் கொடுத்ததிலிருந்து பத்து நாள்களாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அது உறுதியான வாதம். முப்பத்தோராண்டு ஒரே வேலையைச் செய்த கை, சைக்கிள் ஓட்டும் காலைப்போல், கேட்காமலே செய்யும். ஆனால் வாதம் ஒவ்வொரு முறையும் தாயம்மாளிடம் வந்து இடிக்கிறது. தாயம்மாள் என் மனைவி. எழுத்து தெரியாது, எண் தெரியும். பேருந்தும் தொலைபேசியும் கற்றுக்கொடுத்தவை. போன ஆண்டு மே மாதம், இரண்டு மணிக்கு நான் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அதுல நாப்பத்திமூணுலா காட்டுது? என்னத்தப் பாத்துட்டு என்னத்த எழுதுதீய?" என்றாள். நான், "சுவர்ச் சூட்டில் ஏறியிருக்கும், அதைக் கழித்துத்தான் எழுத வேண்டும். உனக்கு விளங்காது" என்றேன். அவள், "சரி, படிச்சவிய" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். அவளுக்கு என் எண்ணில் நம்பிக்கை உண்டு. ஆகவே கை எழுதியது என்பது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். அந்த மே மாதத்துக்குப் பிறகு எழுதியவன் நான். ஏன் மாற்றிக்கொள்ளவில்லை? மாற்றினால் பக்கம் துள்ளும். முன்பு எழுதியவை ஏன் துள்ளவில்லை என்று கேள்வி வரும். கேள்வி வரக்கூடாது என்பதற்காக ஒரு பொய்யை ஒழுங்காக நடத்திச் செல்வது எனக்குத் தெரிந்த தொழில். தாயம்மாள் கேட்ட அன்று மாலை நான்கு மணிக்குத் தெருக்கோடியில் கூச்சல் கேட்டது. செல்லக்கிளி, என்னைவிட ஒரு வயது இளையவள், கல்நார் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தவள், பாயில் படுத்தபடியே போய்விட்டாள். தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் நிறைந்திருந்தது. டாக்டர் இதயம் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் குழு வெயில் என்றது. டீச்சர் பதினொரு பதிவேடுகளையும் எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தார். பத்தில் நாற்பத்திரண்டும் நாற்பத்து மூன்றும். என்னுடையதில் நாற்பது. "உங்க வீட்டுல வேப்பமரம் நிக்கி, அதான்" என்று அவரே எனக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வேப்பமரம் தெற்கில் நிற்கிறது, வெப்பமானி வடக்கில். டீச்சர் கணக்காசிரியை, அவர் திசையைக் கவனிக்காமல் விட்டது என்மீது வைத்த மதிப்பினால்தான்.

முப்பத்தொன்பதாக மாரிக்கனி மேடையேறினாள். அய்யாத்துரையின் மகள். சாம்பல் ஏற்றும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி, நாற்பது வயது, பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய். காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கியை ஒரு கையால் தாழ்த்தி எங்கள் பக்கம் திரும்பினாள். "பெரியவிய எல்லாரும் வந்திருக்கிய. வணக்கம். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. திரவியம் மாமா அங்க உக்காந்திருக்காவ. மாமாவும் எங்கப்பாவும் இந்தப் புகையத் தின்னுதாம் எங்கள வளத்தாவ. மாமாவுக்குப் பென்சன் வருது. பென்சன் வந்த பொறவு புகை கசக்குது. எனக்குப் பென்சன் கெடையாது மாமா. கையெழுத்துப் போட்டா கூலி, போடலன்னா இல்ல. இத மூடிட்டு சோலார் போடுங்கிய. போடுங்க. அந்தப் பலகையத் தொடைக்கதுக்கு எத்தன பேர் வேணும்? நாங்க நானூறு பேர். ஒரு பலகைக்கு நாலு பேரா நின்னு தொடைக்கவா?" பந்தல் சிரித்தது, எங்கள் பக்கமும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "வெயில் எங்களுக்கும் அடிக்கி. சாம்பலுக்குள்ள நின்னு பாருங்க, உங்க தர்மாமீட்டர் ஒடஞ்சிரும். ஆனா எங்க வயித்த யாரு எழுதி வைக்கா? அத எழுதுங்க, நானும் உங்க பக்கம் வந்து உக்காருதேன்." இறங்கிவிட்டாள். மூன்று நிமிடத்துக்குள் இறங்கிய ஒரே ஆள். எங்கள் மனுவில் இதற்கு ஒரு பத்தி இருந்தது. சாம்பல் குளத்தின் மேல் சூரிய மின்பலகைகள் அமைக்க வேண்டும், அந்த வேலை முதலில் இந்த நானூறு பேருக்கே தரப்பட வேண்டும் என்று நான்தான் அழகாக எழுதியிருந்தேன். கட்டும்போது நானூறு பேருக்கு வேலை இருக்கும், கட்டி முடித்தபின் அறுபது பேருக்கு இருக்கும் என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். அறுபது என்பதை மனுவில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதாவது நான் சொன்னேன், மற்றவர்கள் சரி என்றார்கள். அதுவும் இப்போது நினைவுக்கு வருகிறது. மேல் வரியைப் பார்த்து எழுதும் பழக்கம் எண்களோடு நிற்பதில்லை.

நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தபோது டீச்சர் நாற்காலிகளுக்கிடையே குனிந்து எங்களிடம் வந்தார். எழுபத்து நான்கு வயது. பருத்திப் புடவை முதுகில் ஈரமாக ஒட்டியிருந்தது. ஆனால் கண்கள் தேர்வறையில் மேற்பார்வை செய்வதுபோல் விழிப்பாக இருந்தன. தாழ்ந்த குரலில், "திரவியம், ஒண்ணு யோசிச்சேன். அவங்களே உங்க நோட்ட ஒத்துக்கிட்டாங்க. நாம அதப் பிடிச்சிக்குவோம். நாப்பதே வயசானவங்களுக்கு ஆபத்துதான்னு வாதாடலாம். மத்த பத்து நோட்டையும் திரும்ப வாங்கிக்கிடுதோம்னு நான் எழுதிக் குடுத்திருதேன். அப்பதான் நம்ம பேச்சு எடுபடும். நீங்க ஏறும்போதே அதச் சொல்லிருங்க" என்றார். சேவியர் கேட்டுக்கொண்டிருந்தார். "திரும்ப வாங்கிக்கிடுததுன்னா?" என்றார். "விட்டுருததுதான் அண்ணாச்சி. அவன் அதத்தானே பிழைன்னு சொல்லுதான்." சேவியர் டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்ப மூணு வருசம் நான் பாத்தது?" என்றார். "உங்கள யாரு குறை சொன்னா?" "இல்ல டீச்சர், கேக்கேன். ரெண்டு மணிக்குக் கஞ்சிய வச்சிட்டு எந்திரிச்சிப் போயி, கண்ணாடியப் போட்டு, மக்கா ஏதோ பிழைன்னு மறுபடியும் பாத்து எழுதுவேன். என் பொஞ்சாதி சாவக் கெடந்த அன்னைக்கும் எழுதுனேன். அதுவும் பிழையா?" டீச்சர் அவர் தோளைத் தொட்டார். அவர் என் பக்கம் திரும்பி, "சரி, விடுங்க. திரவியம் நோட்டே இருக்கட்டும். அவரு தெரிஞ்சவரு. எனக்கு இது புதுசா? முப்பது வருசத்துக்கு முந்தி தண்ணி சுடுது, கரையோரம் மீன் இல்லன்னு நாங்க மனு குடுத்தோம். அப்பவும் நெலையத்துப் பொஸ்தகத்தக் காட்டி, பாரு, நாப்பதத் தாண்டல, ஒனக்குத்தாம் கை காய்ப்புல சூடு தெரியலன்னானுவ. கையக் கடலுக்குள்ள விட்டவன் நான். சரின்னு வந்துட்டோம்" என்றார். அந்தப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் இருந்தது என் கையொப்பம். அவருக்கு அது தெரியாது. அன்று மேசையின் மறுபுறத்தில் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன் நான் என்பதைக்கூட அவர் மறந்திருந்தார். அப்போது எனக்கு மீசை இருந்தது. டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எழுதிக் குடுக்கவா?" என்றார். "கொஞ்சம் பொறுங்கள் டீச்சர்" என்றேன். "எதுக்கு?" என்றார். காரணம் சொல்லாமல் பொறுங்கள் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. "நான் பேசி முடிக்கிறவரை" என்றேன்.

நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. குடித்த மோர் அடிவயிற்றில் முட்டியது. உள்ளங்கையில் டோக்கன் நனைந்து எண்ணின் மை ஒட்டியிருந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று வரிசையாக எண்ணிப் பார்க்க முயன்றேன், வரிசையாக வரவில்லை. ஓய்வூதியத்தை நிறுத்த முடியுமா என்று ஒரு பயம் எழுந்தது. நிறுத்த முடியாது என்று தெரிந்தபின்னும் அது போகவில்லை. கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று ஓர் எண்ணம்; எழுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு அப்படியும் ஓர் எண்ணம் வருகிறது. அய்யாத்துரை இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவன் மகள் இருபதடி தூரத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறாள். என் கையைக் காட்டிக்கொடுத்தால் அவனையும் காட்டிக்கொடுத்ததாகும். ஆலோசகர் இதைப் பிடித்துக்கொண்டு பதினொன்றும் பொய் என்பார். சொல்லாவிட்டால் பத்து போய்விடும், ஒன்று நிற்கும், நிற்பது பொய்யானது. எப்படிப் பார்த்தாலும் நட்டம் எங்களுக்குத்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்றும்போது பேசாமல் இருப்பதே அறிவு என்று தோன்றும். கேன்டீனில் தட்டோடு அய்யாத்துரை வந்து உட்கார்ந்த அன்றும் அதுதான் அறிவாகத் தோன்றியது. சேவியர் தம் டோக்கனைச் சுருட்டிக் காது குடைந்துகொண்டிருந்தார். "உமக்கு எத்தனாவது நம்பர்?" என்றேன். "அம்பத்திரெண்டு. நான் ஏறல. ஏறி என்னத்தச் சொல்ல, எனக்குக் கண்ணு அவுட்டுன்னா?" என்றார். அதில் மனத்தாங்கல் இல்லை. பழகிய ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார். ஒரு மனிதன் தன் கண் கண்டதைத் தானே நம்பாமல் போகும்படி செய்ய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டேன். அந்தக் கணக்கு மட்டும் வரிசையாக வந்தது.

நாற்பத்தேழு என்று அழைத்தார்கள். நான்கு பக்கங்களைச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டு ஏறினேன். ஐந்து படிகள். மேடையில் மின்விசிறி இருந்தது. "பெயர், வயது, ஊர்" என்றார் பதிவு செய்யும் எழுத்தர். ஒல்லியான, களைத்த, ஐம்பது வயது மனிதர். "திரவியம். எழுபத்தொன்று. சிப்பிக்கரை" என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் வேறொருவருடையதுபோல் வந்தது. "காலையில் திரையில் காட்டப்பட்ட பதிவேடு என்னுடையது. அது தவறானது. வெப்பமானி நாற்பத்து மூன்று காட்டியபோதும் நான் நாற்பது என்று எழுதியிருக்கிறேன். தெரிந்தே எழுதினேன். மற்ற பத்துப் பேரும் கண்டதை எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கண் சரியாக இருக்கிறது" என்றேன். அண்டாவில் கரண்டி இடிக்கும் ஓசை கேட்டது. ஆலோசகர் எழுந்தார். பணிவு குறையாமல், "அப்படியானால் உங்கள் குழுவின் பதிவுகளை நம்ப முடியாது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், இல்லையா ஐயா?" என்றார். "என்னுடையதை நம்ப முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அறிக்கையில், நிலையத்திலிருந்து கடலுக்குப் போகும் நீர் கடந்த காலத்தில் ஒருபோதும் நாற்பதைத் தாண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதினீர்கள்? அதை எழுதியதும் இந்தக் கைதான். இதே முறையில்தான். இதை நீங்கள் தள்ளினால் அதையும் தள்ள வேண்டும்" என்றேன். பந்தலில் சத்தம் எழுந்தது. இடப்பக்கத்திலிருந்து மாரிக்கனி எழுந்து, மைக் இல்லாமலே, "மாமா, எங்கப்பாவுமா?" என்று கேட்டாள். உட்காரம்மா என்று யாரோ சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. நான் அவளைப் பார்த்து, "என் கையைப் பற்றி மட்டுமே சொல்ல வந்தேன் தாயி" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது பதிலாகாது என்பது அவளுக்கும் எனக்கும் தெரிந்தது. வலப்பக்கம் திரும்பிச் சேவியரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எழுத்தரின் பேனாவைப் பார்த்தேன். ஆட்சியர் எழுத்தரிடம் குனிந்து, பெரியவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எடுக்கும்படி சொன்னார். எழுத்தர் பேனாவை உதறிவிட்டு, "ஐயா, நீங்க வேகமா சொல்லிட்டிய. மறுபடியும் மெதுவாச் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் எழுதும்வரை நிறுத்தினேன். எழுதி நிமிர்ந்ததும் அடுத்ததைச் சொன்னேன். கடலுக்குப் போகும் நீரின் வெப்பத்தை முப்பத்தோராண்டுகள் நான் உள்ளபடி எழுதவில்லை என்ற இடத்தில் அவர் நிறுத்தி, "முப்பத்தொண்ணுங்கத எண்ணுல போடவா, எழுத்துல போடவா?" என்றார். எழுத்தில் போடுங்கள் என்றேன்.